கொழும்பில் ஆறாம் தரத்துக்குத் தனியார் பாடசாலை தேடுகிறீர்களா? பதினோராம் தரத்திலிருந்து கணக்குப் போடுங்கள்

இரண்டு வருடங்களுக்கு முன் கணவரின் வேலை மாற்றத்தோடு வவுனியாவிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்தோம். மகள் அப்போது ஐந்தாம் தரம். கொழும்பில் விசாரிக்க ஒருவரும் இல்லை. நான்கு மாதம் அலைந்து, ஏழு பாடசாலைகளின் வாசலில் நின்று, ஓர் இடத்தில் அனுமதிக் கட்டணத்தைக் கட்டி இழந்த பிறகுதான் ஒரு விஷயம் விளங்கியது. ஆறாம் தரத்தில் சேர்க்க எவ்வளவு என்றுதான் நாங்கள் எல்லோரும் கேட்கிறோம். பதினோராம் தரம் முடியும்வரை எவ்வளவு, அங்கே போய்ச் சேரும்போது பிள்ளை எந்தப் பரீட்சையை எந்த மொழியில் எழுதப்போகிறது என்று கேட்பதில்லை.

மாதச் சம்பளத்தை மட்டும் நம்பி, வெளிநாட்டுக் காசு வராமல் வாழ்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் அரசாங்கப் பாடசாலையைக் கேட்டுப் பாருங்கள்

தமிழ் மொழிமூலம் படிப்பிக்கும் அரசாங்கப் பாடசாலைகள் கொழும்பில் இருக்கின்றன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி, இராமநாதன் இந்து மகளிர் கல்லூரி, கொட்டாஞ்சேனை விவேகானந்தா கல்லூரி என்று பல. பெயர் பெற்ற பாடசாலைகளுக்கு ஆறாம் தரத்தில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளிப்படிதான் எடுப்பார்கள். பிள்ளைக்கு அந்தப் புள்ளி வராவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்து நேரே தனியார் பக்கம் ஓடாதீர்கள். அவ்வளவாகப் பெயர் அடிபடாத பாடசாலைகளில் இடம் இருக்கலாம். அதிபரிடம் நேரில் கேளுங்கள், வலயக் கல்வி அலுவலகத்திலும் வெற்றிடம் உண்டா என்று விசாரியுங்கள். இதற்கு இரண்டு நாள் போகும். அந்த இரண்டு நாளை நான் செலவழிக்கவில்லை. பிறகு மிகவும் வருந்தினேன்.

அங்கே இடம் இல்லை, அல்லது வேறு காரணத்தால் சரிவரவில்லை என்றால் மட்டும் அடுத்த படிக்கு வாருங்கள்.

2. ‘தனியார்’ என்பதற்குள் மூன்று வகை

ஒன்று, அரச உதவி பெறும் தனியார் பாடசாலை. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கும், நிருவாகம் சபையிடமோ சங்கத்திடமோ இருக்கும். பெற்றோர் கட்டும் காசு ஒப்பீட்டளவில் குறைவு. கையில் காசு குறைந்தவர்கள் முதலில் தேட வேண்டியது இதைத்தான். ஆனால் இடம் கிடைப்பது கடினம். பழைய மாணவர் பிள்ளைகள், அந்தந்தச் சமயத்துப் பிள்ளைகள் என்று முன்னுரிமை இருக்கும்.

இரண்டு, கட்டணம் அறவிடும், அரச உதவி பெறாத தனியார் பாடசாலை. கல்கிசை சென். தோமஸ் கல்லூரி, கொழும்பு 7இல் உள்ள லேடீஸ் கல்லூரி, கொழும்பு 3இல் உள்ள பிஷப்ஸ் கல்லூரி போன்றவை இந்த வகை. கல்வி அமைச்சு அங்கீகரித்தவை. உள்நாட்டுப் பாடத்திட்டம் இருக்கும், எங்கள் க.பொ.த. பரீட்சைதான்.

மூன்று, சர்வதேசப் பாடசாலை. இவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள். மற்ற இரண்டு வகையைப் போல கல்வி அமைச்சின் நேரடி மேற்பார்வைக்குள் வருவதில்லை. பெரும்பாலானவை இலண்டன் எட்எக்செல் அல்லது கேம்பிரிஜ் பரீட்சைக்குப் படிப்பிக்கின்றன, சில உள்நாட்டுப் பாடத்திட்டத்தை ஆங்கிலத்தில் படிப்பிக்கின்றன. பத்து அறை உள்ள மாடிவீட்டில் நடப்பதும் சர்வதேசப் பாடசாலைதான், நீச்சல் தடாகம் உள்ளதும் சர்வதேசப் பாடசாலைதான். பெயர்ப்பலகையில் அந்தச் சொல்லைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நீங்கள் பார்க்கும் பாடசாலை எந்த வகை என்று அலுவலகத்தில் நேராகவே கேளுங்கள். பதில் தெளிவாக இல்லாவிட்டால் பத்தரமுல்லை இசுறுபாயவுக்குப் போய், கல்வி அமைச்சில் அந்தப் பாடசாலை அங்கீகரிக்கப்பட்டதா என்று விசாரிக்கலாம்.

3. பதினோராம் தரத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள்

இந்தப் படியை விட்டதால்தான் நாங்கள் காசு இழந்தோம்.

முதலாவது பாடசாலையில் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. ஆங்கில மொழிமூலம், உள்நாட்டுப் பாடத்திட்டம், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம், தவணைக் கட்டணமும் எங்களுக்குத் தாங்கும். அனுமதிக் கட்டணத்தைக் கட்டிவிட்டோம். ஒரு வாரம் கழித்து, சீருடை தைக்கக் கொடுத்த கடையில் வேறொரு தாய் சொன்னார்: ஒன்பதாம் தரம்வரைதான் உள்நாட்டுப் பாடத்திட்டம், பத்தாம் தரத்தில் எல்லோரும் இலண்டன் பாடத்திட்டத்துக்கு மாற வேண்டும். அலுவலகத்தில் கேட்டேன். ‘ஓம், நீங்கள் கேட்கவில்லையே’ என்றார்கள். பொய் சொல்லவில்லை, நான் ஆறாம் தரத்தைப் பற்றி மட்டும் கேட்டேன், அவர்கள் ஆறாம் தரத்தைப் பற்றி மட்டும் சொன்னார்கள்.

அதனால் இந்தக் கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

பதினோராம் தரத்தில் பிள்ளை எழுதுவது க.பொ.த. சாதாரண தரமா, இலண்டன் பரீட்சையா? பாடசாலைப் பரீட்சார்த்தியாகவா, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவா? பத்தாம், பதினோராம் தரங்களில் இப்போது எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள்? ஆறாம் தரத்தில் முப்பது பேரும் பதினோராம் தரத்தில் ஆறு பேரும் என்றால், மற்றவர்கள் ஏன் போனார்கள் என்று கேளுங்கள்.

இலண்டன் பரீட்சை எழுதினால் பிறகு என்ன என்பதையும் இப்போதே யோசியுங்கள். அரச பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி உள்நாட்டு உயர்தரப் பரீட்சையில் இருந்துதான் கணிக்கப்படுகிறது. இலண்டன் உயர்தரம் செய்த பிள்ளைக்கு அந்தப் புள்ளி கிடையாது. அதன் பிறகு கட்டணம் கட்டும் பட்டப்படிப்பு அல்லது வெளிநாடுதான் வழக்கமான பாதை. அதற்கும் உங்களிடம் வழி இருந்தால் சரி. இல்லையென்றால் உள்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு விலகாதீர்கள். இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

உள்நாட்டுப் பாதையில் இன்னொரு நன்மையும் உண்டு. தனியார் பாடசாலையில் சாதாரண தரம் எழுதிய பிள்ளை, பெறுபேற்றை வைத்து உயர்தரத்துக்கு அரசாங்கப் பாடசாலைக்கு விண்ணப்பிக்கலாம். அதாவது நீங்கள் கட்டணம் கட்ட வேண்டியது ஆறு வருடத்துக்குத்தான், எட்டு வருடத்துக்கு அல்ல.

4. மொழியும் சமயமும்

‘ஆங்கில மொழிமூலம்’ என்று சொன்னால் எந்தெந்தப் பாடம் ஆங்கிலத்தில் என்று கேளுங்கள். சில இடங்களில் கணிதமும் விஞ்ஞானமும் மட்டும் ஆங்கிலத்தில், மற்றவை தமிழில். ஐந்தாம் தரம்வரை தமிழில் படித்த பிள்ளைக்கு இது நல்ல வழி. முழுக்க ஆங்கிலத்துக்கு மாறினால் முதல் ஒரு வருடம் வீட்டில் யாராவது பக்கத்தில் இருந்து படிப்பிக்க வேண்டும், அல்லது ரியூசனுக்கு அனுப்ப வேண்டும். அந்தச் செலவும் பாடசாலைச் செலவுதான்.

தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படிப்பிக்கிறார்களா, அல்லது வாரத்துக்கு இரண்டு பாடவேளை இரண்டாம் மொழியாகவா என்றும் பாருங்கள். சாதாரண தரத்தின் ஒன்பது பாடங்களில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயம். மிச்சம் மூன்றும் தொகுதிப் பாடங்கள், அதாவது தொகுதிக்கு ஒன்றாகத் தெரிவு செய்பவை. சமயம் கட்டாயம் என்பதால், சைவப் பிள்ளையைக் கிறிஸ்தவப் பாடசாலையில் சேர்க்கும்போது சைவநெறி படிப்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்டே ஆக வேண்டும். நாங்கள் பார்த்த ஓர் இடத்தில் ஆசிரியர் இல்லை. சமயப் பாடவேளையில் சைவப் பிள்ளைகளை நூலகத்தில் இருத்தி வைத்திருந்தார்கள். கோயில் அறநெறிப் பாடசாலை ஓரளவு கைகொடுக்கும், ஆனால் பரீட்சைப் பாடத்திட்டத்தை முழுதாக முடித்துத் தராது.

5. முழுச் செலவையும் ஒரு தாளில் எழுதுங்கள்

தவணைக் கட்டணத்தை மட்டும் பார்த்து இரண்டு பாடசாலைகளை ஒப்பிட்டால் பிழைத்துப்போகும். ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு தாள் எடுத்து இவற்றை எழுதுங்கள்: விண்ணப்பப் படிவம், நுழைவுப் பரீட்சைக் கட்டணம், அனுமதிக் கட்டணம், திருப்பித் தரும் வைப்புப் பணம், தவணைக் கட்டணம், வசதிகள் கட்டணம், கணினி அல்லது ஆய்வுகூடக் கட்டணம், விளையாட்டு, புத்தகம், சீருடை, சப்பாத்து, வேன், பரீட்சைக் கட்டணம்.

அடுத்து, கட்டணம் கடந்த மூன்று வருடமாக எவ்வளவால் கூடியது என்று கேளுங்கள். அலுவலகத்தில் சொல்ல மாட்டார்கள் என்றால், மேல்வகுப்பில் பிள்ளை உள்ள ஒரு பெற்றோரிடம் பழைய பற்றுச்சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஒரு கணக்கு. தவணைக்கு 60,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மூன்று தவணைக்கு 180,000. கட்டணம் கூடாமல் இருந்தால் ஆறு வருடத்துக்கு 10 இலட்சத்து 80 ஆயிரம். ஆனால் வருடாவருடம் 10 வீதம் கூடினால் மொத்தம் ஏறக்குறைய 13 இலட்சத்து 89 ஆயிரம். பதினோராம் தரத்தில் மட்டும் வருடத்துக்குச் சுமார் 290,000 கட்ட வேண்டி வரும். உங்கள் சம்பளமும் அதே வேகத்தில் கூடுமா? என் கணவருடையது கூடாது. அதனால் நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: பதினோராம் தரக் கட்டணத்தை இன்றைய சம்பளத்தில் இன்றே கட்ட முடியுமா? முடியாது என்றால் அந்தப் பாடசாலை எங்களுக்கு இல்லை.

இரண்டாவது பிள்ளை இருந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்துப் போடுங்கள். அக்காவைச் சேர்த்த இடத்தில் தம்பியைச் சேர்க்க முடியாமல் போனால் வீட்டில் அது நெடுநாள் வலிக்கும்.

இலண்டன் பாதையில் இன்னொரு ஆபத்து உண்டு. பரீட்சைக் கட்டணம் பாடத்துக்குப் பாடம் தனித்தனியாக அறவிடப்படும், அது பவுணை அடிப்படையாகக் கொண்டது. 2022இல் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்து சில வாரங்களிலேயே 360 ரூபா அளவுக்குப் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். பவுணும் அப்படியே ஏறியது. அந்த வருடம் எட்டுப் பாடத்துக்குக் காசு சேர்த்து வைத்திருந்தவர்கள் ஐந்துக்கும் கட்ட முடியாமல் நின்றார்கள். பதினோராம் தரத்தில் இப்படி ஒரு அடி விழுந்தால் பிள்ளையைப் பாடசாலை மாற்றவும் முடியாது.

புத்தகத்தில் மிச்சம் பிடிக்கலாம். உள்நாட்டுப் பாடத்திட்டப் புத்தகங்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இலவசமாகத் தரவிறக்கலாம். இலண்டன் புத்தகங்கள் புதிதாக வாங்கினால் விலை கூட, மருதானை டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பாருங்கள், ஆனால் பாடத்திட்ட வருடத்தைச் சரிபார்த்து வாங்குங்கள்.

போக்குவரத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஸ்கூல் வேன்காரரிடம் விடுமுறை மாதத்துக்கும் காசு உண்டா என்று கேளுங்கள், அனேகமாக உண்டு என்பார்கள். காலி வீதியில் 100, 101 பஸ், கரையோர ரயில் என்று வசதி இருக்கிற பக்கத்தில் பாடசாலை இருந்தால் எட்டாம் தரத்துக்குப் பிறகு பிள்ளை தானாகப் போய்வரலாம், அந்த வேன் காசு உங்கள் கையில் நிற்கும். எங்கள் தாளில் கடைசி இரண்டு பாடசாலைகளுக்கு இடையே முடிவைத் தீர்த்தது இதுதான்.

6. ஆவணங்களை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்

படிவம் கிடைத்த பிறகு ஓடினால் திகதி தவறிவிடும். பெரும்பாலும் கேட்பவை:

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். மூலப் பிரதியை ஒருவரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டுத் திருப்பி வாங்குங்கள். அத்தாட்சிப்படுத்திய பிரதிகள் மூன்று நான்கை பிரதேச செயலகத்தில் முதலே எடுத்துவிடுங்கள். சில பாடசாலைகள் ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்கும். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டும். பிள்ளையின் பெயர் பிறப்புச் சான்றிதழிலும் தேர்ச்சி அறிக்கையிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். என் மகளின் பெயரில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வித்தியாசம்; பழைய பாடசாலையில் திருத்தி வாங்க மூன்று வாரம் போனது.

பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரம். இதை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். புதிய இடம் எழுத்தில் உறுதியான பிறகுதான் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் பிள்ளை பழைய பாடசாலையில் இல்லை என்று ஆகிவிடும், புதிய இடமும் கைநழுவினால் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

கடைசி இரண்டு வருடத் தேர்ச்சி அறிக்கை, புலமைப்பரிசில் பெறுபேறு, தாய் தந்தையின் அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், பிள்ளையின் தடுப்பூசிப் பதிவு உள்ள சுகாதாரப் புத்தகம், நான்கைந்து புகைப்படம். கத்தோலிக்க, கிறிஸ்தவப் பாடசாலைகளில் அந்தச் சமயத்தவர்கள் ஞானஸ்நானச் சான்றிதழும் பங்குத்தந்தை அல்லது போதகரின் கடிதமும் வைத்திருக்க வேண்டும்.

விலாச உறுதி. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இதில் சிக்கல், ஏனென்றால் மின்சாரப் பட்டியலும் தண்ணீர்ப் பட்டியலும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். வாடகை ஒப்பந்தத்தை எழுதி வாங்குங்கள், கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுங்கள், அதில் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்குங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்றால் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம், கொட்டாஞ்சேனைப் பக்கம் என்றால் கொழும்பு பிரதேச செயலகம். கிராம உத்தியோகத்தர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்க மாட்டார், போன் செய்துவிட்டுப் போங்கள்.

7. எப்போது தொடங்குவது

பிள்ளை ஐந்தாம் தரத்தின் நடுப்பகுதியில் இருக்கும்போதே பாடசாலைகளைப் பார்க்கத் தொடங்குங்கள். புலமைப்பரிசில் பெறுபேறு வரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் சில இடங்களில் படிவம் கொடுத்து முடித்திருப்பார்கள். ஆனால் பெறுபேறு வந்த பிறகும் மனம் விட வேண்டாம். நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகள் அரசாங்கப் பாடசாலைக்குப் போவதால் தனியார் பாடசாலைகளில் அந்த நேரத்தில் இடம் விழும். காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இருங்கள். எங்களுக்கு இடம் கிடைத்தது அப்படித்தான்.

சர்வதேசப் பாடசாலைகள் பலவற்றில் கல்வியாண்டு செப்டெம்பரில் தொடங்கும், உள்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஜனவரியில். இடையில் மாறினால் பிள்ளை சில மாதப் பாடத்தை இழக்கும் அல்லது திரும்பப் படிக்கும்.

8. நேரில் போகிற நாள்

படிவம் வாங்கும் சாக்கில் வேலை நாளில் ஒரு தடவை, பாடசாலை விடும் நேரத்தில் ஒரு தடவை போங்கள். விடும் நேரத்தில் வாசலில் நிற்கும் தாய்மாரிடம் கதைத்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொள்வது பெரிது: கடைசி வருடத்தில் எத்தனை ஆசிரியர் விலகினார்கள், கணித ஆசிரியர் நிலையாக இருக்கிறாரா, கட்டணம் பிந்தினால் பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்துகிறார்களா. கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். காசு குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நாள் அது நடக்கலாம், அந்த அவமானம் பிள்ளையோடு கூடவே வரும்.

உள்ளே ஆய்வுகூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கழிப்பறையையும் பாருங்கள், பெண்பிள்ளை என்றால் கட்டாயம்.

பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் கட்டணம் பற்றிப் பேசும்போது பிள்ளை வெளியே இருக்கட்டும்.

9. குறைத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம்

கேட்க வெட்கப்படாதீர்கள். அனுமதிக் கட்டணத்தை இரண்டு மூன்று பாகமாகக் கட்ட அனுமதி, இரண்டாவது பிள்ளைக்குக் கழிவு, திறமைக்கோ விளையாட்டுக்கோ உதவித்தொகை, தவணைக் கட்டணத்தை மாதம் மாதம் கட்டும் வசதி, இவையெல்லாம் சில பாடசாலைகளில் இருக்கின்றன, ஆனால் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். அதிபருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: வீட்டு வருமானம், எத்தனை பிள்ளைகள், எவ்வளவு கட்ட முடியும். சம்பளச் சீட்டின் பிரதியை இணையுங்கள். கெஞ்ச வேண்டாம், உள்ளதைச் சொன்னால் போதும். எங்கள் கடிதத்துக்கு அனுமதிக் கட்டணத்தை மூன்று பாகமாகப் பிரித்துத் தந்தார்கள்.

நகையை அடகு வைத்து அனுமதிக் கட்டணம் கட்டாதீர்கள். அடுத்த தவணை வரும்போது கட்டணமும் வட்டியும் ஒன்றாக நிற்கும். அந்தக் கட்டணத்தைச் சேமிப்பிலிருந்தோ சீட்டுக் காசிலிருந்தோ கட்ட முடியாவிட்டால், தவணைக் கட்டணமும் தாங்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

10. காசு கட்டுகிற நாள்

கட்டுவதற்கு முன் இவை எழுத்தில் வேண்டும்: பிள்ளையின் பெயரும் தரமும் மொழிமூலமும் உள்ள அனுமதிக் கடிதம், கட்டணப் பட்டியல், சேராமல் விட்டால் எந்தக் காசு திரும்பும், எது திரும்பாது, வைப்புப் பணத்தைத் திரும்ப எடுக்க எவ்வளவு காலத்துக்கு முன் அறிவிக்க வேண்டும். பல இடங்களில் ஒரு முழுத் தவணைக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும், பிந்தினால் வைப்புப் பணம் போய்விடும். முதல் பாடசாலையில் எங்கள் அனுமதிக் கட்டணம் திரும்பவில்லை. வைப்புப் பணம் ஐந்து மாதம் கழித்து வந்தது, அதுவும் பற்றுச்சீட்டு கையில் இருந்ததால்.

‘நன்கொடை’ என்று யாராவது பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இடம் எடுத்துத் தருகிறேன் என்று வரும் இடைத்தரகரிடமும் கொடுக்காதீர்கள். புதிதாக ஊரிலிருந்து வந்தவர்களைத்தான் இவர்கள் தேடி வருவார்கள். பாடசாலையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலேயே கட்டுங்கள். வங்கிச் சீட்டில் பிள்ளையின் பெயரையும் எந்தக் கட்டணம் என்பதையும் எழுதுங்கள், அதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். வங்கிச் சீட்டின் மை நாளடைவில் அழிந்துபோகலாம்.

கட்டி முடித்து, அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகு, பழைய பாடசாலைக்குப் போய் விடுகைப் பத்திரத்துக்கு விண்ணப்பியுங்கள். நூலகப் புத்தகம் திருப்பிக் கொடுக்க இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் பத்திரம் தர மாட்டார்கள்.